சர்க்கரை கம்மி, பைங்கிளி

அக்டோபர் 6

நிலோஃபர் போன் செய்தாள். இணைய இதழ் நடத்துகிற பெண், என் மகள் அபிராமி வயதுதான் இருக்கும். 'கொட்டாவி' என்ற புனைபெயரில் வார இதழ்களில் இருபது வருஷம் சினிமா பற்றி எழுதிய ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று யாரோ அவளிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"சார், மழை ஆரம்பிக்கப் போகுது. வீட்ல உக்காந்து பாக்குற மாதிரி ஸ்பூஃப் படம் பத்து எழுதித் தாங்க சார். எல்லாருக்கும் தெரிஞ்சது வேணாம். நல்லா இருந்தும் யாரும் கண்டுக்காம போனதா இருக்கணும்."

"அப்படின்னா என்னைப் பத்தியே எழுதிடலாமேம்மா" என்றேன். சிரித்தாள். நவம்பர் கடைசிக்குள் வேண்டுமாம்.

பகடிப் படம். நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருஷம் ரோடு வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல வேலை யார் கொடுப்பார்கள்? செண்பகத்திடம் சொன்னேன். "நல்லவேளை, மிச்ச வாழ்க்கையும் உருப்படாம போச்சு" என்றாள். என் மனைவி ஒரு விஷயத்தை நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்டோபர் 7

முதல் இடம் 'பாலில் விழுந்த பாவை'க்குத்தான். இதில் விவாதமே கிடையாது.

அழுகைக் குடும்பப் படங்களை வைத்துச் செய்த கிண்டல். மாமியார் பேச்சைக் கேட்டுக் கதாநாயகி பாலில் விஷம் கலக்கிறாள். மனசு கேட்காமல் கணவனிடமே சொல்லிவிடுகிறாள்: "விஷம் கலந்திருக்கேன் அத்தான். ஆறுறதுக்குள்ள குடிங்க." அவன் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பதினொரு நிமிஷம் சாகிறான். நடுவில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறான், உயில் எழுதுகிறான், பாதி பாட்டுப் பாடுகிறான். கடைசி மூச்சில் அவன் சொல்வது: "சர்க்கரை கம்மி, பைங்கிளி."

திருச்சியில் ஐந்து நாள் ஓடியது. கல்யாணமான முதல் மாதம் நானும் செண்பகமும் பெரிய சண்டை போட்டுக்கொண்டு, பேசாமலேயே போய், பேசாமலேயே உட்கார்ந்து பார்த்தோம். தியேட்டரில் எங்களையும் சேர்த்துப் பதினான்கு பேர். மறுநாள் நாலு மணிக்கு அவள் காப்பி டம்ளரை நீட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "விஷம் கலந்திருக்கேன் அத்தான். ஆறுறதுக்குள்ள குடிங்க" என்றாள். நான் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைக் கதவில் சரிந்து, "சர்க்கரை கம்மி, பைங்கிளி" என்று செத்தேன். சண்டை தீர்ந்தது.

முப்பத்தொரு வருஷமாக நாலு மணிக்கு நான் செத்துக்கொண்டிருக்கிறேன். அபிராமியைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட ஒருமுறை செத்திருக்கிறேன். அப்படியும் அந்தச் சம்பந்தம் அமைந்தது.

அக்டோபர் 9

நாலு மணிக்கு ஃப்ரிட்ஜில் சாய்ந்து செத்தேன். எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. நிஜமாகவே சர்க்கரை கம்மிதான், இரண்டு ஸ்பூன் கூடப் போட்டுக்கொண்டேன். செண்பகத்துக்குச் சர்க்கரை வியாதி. டப்பாவைப் பார்த்தாலே முறைப்பாள்.

அக்டோபர் 13

இரண்டாவது படம் 'துப்பறியும் துரைக்கண்ணு'. இன்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

துரைக்கண்ணு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிற துப்பறிவாளன். "மணி மூன்று பத்து. பூனை குறுக்கே போனது. சந்தேகம்." விஷத்தைக் கண்டுபிடிக்க இரண்டு டம்ளர் வைத்து, ஒன்றில் விஷத்தைக் கலந்துவிட்டு, எது எது என்று மறந்துபோவான். கணவனைப் பறிகொடுத்த பெண் இவன் முன்னால் உட்கார்ந்து கதறுவாள். இவன் ஆறுதல் சொல்லாமல், பூதக்கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து, "கண்ணில் நீர். குறித்துக்கொண்டேன்" என்பான். அந்த இடத்தில் செண்பகம் சோபாவிலிருந்து வழுக்கித் தரைக்கே வந்துவிட்டாள்.

நானும் சிரித்தேன். ஆனால் முன்பு சிரித்த அளவு இல்லை. இருபது தடவை பார்த்த படம், தேயத்தானே செய்யும்.

அக்டோபர் 19

'பங்களா வாடகைக்கு'. பேய்ப் படக் கிண்டல். வீட்டுப் புரோக்கரைப் பார்த்துப் பேய் பயந்து ஓடும். இரண்டு மணி நேரத்தில் எனக்கு ஒரு சிரிப்பும் வரவில்லை. பேய் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை அவர்கள் சரியாகச் சொல்லவில்லை.

செண்பகம் சிரித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் நிறுத்தி, "உங்களுக்குப் பிடிச்ச சீன் ஆச்சே?" என்று என்னைப் பார்த்தாள். நான் கடலைமிட்டாய் பாக்கெட்டை முடித்துக்கொண்டிருந்தேன். முழுப் பாக்கெட்.

அக்டோபர் 24

கீழ் வீட்டு ராமலிங்கத்தின் தாயார் தவறிவிட்டார். போனோம். ராமலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே சொல்லியிருக்கிறது, பாயசம் உண்டா என்று கேட்டேன். செண்பகம் என் முழங்கையைப் பிடித்து இழுத்து மாடிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"எழவு வீட்ல யாராவது பாயசம் கேப்பாங்களா?"

"கேட்டா என்ன தப்பு?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "ரொம்ப நல்லாருக்கு. அடுத்த தடவை அப்பளமும் கேளுங்க" என்றாள். சரி என்றேன்.

அக்டோபர் 28

முதல் மூன்று படங்களைப் பற்றி எழுதி அனுப்பினேன். நிலோஃபர் உடனே கூப்பிட்டாள். "சார், பிரமாதம். எல்லாப் படத்தையும் நெஜமான சோகப் படம் மாதிரியே, மூஞ்சில சிரிப்பே இல்லாம எழுதியிருக்கீங்க பாருங்க, அதான் சார் செம. ஆபீஸ்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறோம்."

எதைச் சொல்கிறாள் என்று புரியவில்லை. படத்தில் என்ன நடக்கிறதோ அதைத்தான் எழுதியிருந்தேன்.

நவம்பர் 2

மழை. நாலு மணிக்குக் காப்பி கொண்டுவந்தாள். "விஷம் கலந்திருக்கேன் அத்தான். ஆறுறதுக்குள்ள குடிங்க."

டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு யோசித்தேன். இதை அவள் முப்பத்தொரு வருஷமாகச் சொல்கிறாள். ஒருவர் ஒரு விஷயத்தை இத்தனை முறை எதற்காகச் சொல்ல வேண்டும்?

அவள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனதும் காப்பியை ஜன்னலோர மணி பிளான்ட் தொட்டியில் ஊற்றினேன்.

நவம்பர் 3

4.02. சொன்னாள். தொட்டியில் ஊற்றினேன்.

நவம்பர் 4

4.05. சொன்னாள். ஊற்றினேன். "இப்பல்லாம் ஏன் சாக மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். இந்த வார்த்தையை அப்படியே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 5

3.58. சொன்னாள். ஊற்றினேன். மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டாள், அவசரம்.

நவம்பர் 9

மணி பிளான்டின் இலைகள் மஞ்சளாகிவிட்டன. அடித்தண்டு கறுத்துவிட்டது. ஆறு வருஷமாகத் தழைத்த செடி. செண்பகம் தொட்டியைத் தடவிப் பார்த்து, "யாரு சுடுதண்ணி ஊத்துனது?" என்றாள்.

காப்பிக்குப் பதில் வெல்லம் சாப்பிடுகிறேன். வெல்லத்தில் ஒன்றும் கலக்க முடியாது.

நவம்பர் 12

'பாலில் விழுந்த பாவை' மறுபடி பார்த்தோம். பார்க்கலாம் என்று சொன்னது செண்பகம்தான். "அதையாவது பாத்து சிரிங்க. உங்க சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு மாசமாச்சு."

அந்த மனிதன் பதினொரு நிமிஷம் சாகிறான். யாரும் டாக்டரைக் கூப்பிடவில்லை. தங்கைக்கு ஒரு வழி செய்துவிட்டுப் போகவேண்டும் என்று துடிக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கண்முன்னால் ஒரு மனிதன் சாகிறான், இவள் சிரிக்கிறாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. வார்த்தை, டம்ளர், நேரம் எல்லாமே அந்தப் படத்தில் இருக்கிறது. அவள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குத் தியேட்டரில் பதினான்கு பேர் இருந்தோம். மற்ற வீடுகளில் என்ன ஆயிற்றோ தெரியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 14

இன்று டம்ளர்களை மாற்றினேன். அவளுடையதைச் சர்க்கரை இல்லாமல் தனியாக ஆற்றி வைத்திருப்பாள். அவள் பால் பாத்திரத்தைக் கழுவத் திரும்பியபோது என்னுடையதை அங்கே வைத்து, அவளுடையதை எடுத்துக்கொண்டேன். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அவளைக் கவனித்தேன்.

ஒரு வாய் குடித்ததும் நிறுத்தினாள். "இது உங்க காப்பி. இவ்ளோ இனிப்பா இருக்கு. மாத்தி வச்சீங்களா?"

"ஆமாம்."

"எதுக்கு?"

"நீதானே விஷம் கலந்திருக்கேன்னு சொன்ன."

அவள் முகம் மலர்ந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஃப்ரிட்ஜில் சாய்ந்து, "ஐயோ அத்தான், என் விஷத்தை எனக்கே..." என்று தரைக்குச் சரிந்தாள். ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"என்னங்க" என்றாள் தரையிலிருந்தே. "என்னங்க, விளையாட்டுதானே பண்றீங்க?" இரண்டு நிமிஷம் கழித்து எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் இன்று கலக்கவில்லை.

நவம்பர் 15

4.00. காப்பி வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 16

இன்றும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷமாகச் சொன்னதை நிறுத்திவிட்டாள். உஷாராகிவிட்டாள். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அபிராமியிடம் போனில் பேசினாள். "இல்லடி, வயசுனால இல்ல. சிரிக்கறதே இல்ல. என்னை யாரோ மாதிரி பாக்கறாரு" என்பது மட்டும் கேட்டது.

நவம்பர் 18

பரணில் எலி மருந்துப் பாக்கெட் கிடைத்தது. பிரித்த பாக்கெட். போன வருஷம் எலி வந்தபோது நான்தான் வாங்கினேன் என்று செண்பகம் பிறகு சொன்னாள். இருக்கலாம்.

துரைக்கண்ணுவின் முறைதான் சரியான முறை. விஷம் கலந்த காப்பி எப்படி இருக்கும் என்று தெரியாமல் கலக்காத காப்பியை எப்படி அடையாளம் காண்பது? அவள் குளிக்கப் போனபோது இரண்டு டம்ளரில் காப்பி எடுத்தேன். ஒன்றில் மருந்தைக் கலந்தேன். துரைக்கண்ணு எது எது என்று மறந்துபோனான். நான் ஒரு சீட்டில் 'வி' என்று எழுதி டம்ளரில் ஒட்டினேன். இரண்டையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் பார்த்து, எழுதிக்கொள்ள நோட்டு எடுக்க அறைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது செண்பகம் ஈரத்தலையில் துண்டோடு மேடை அருகே நின்றிருந்தாள். காப்பி ஆவியில் சீட்டு நனைந்து கீழே விழுந்திருந்தது. ஒரு டம்ளர் அவள் கையில் இருந்தது.

"எனக்குப் போட்டு வச்சீங்களா?" என்றாள். அவள் குரல் அப்படி இருந்து ரொம்ப நாளாயிற்று. "எத்தனை வருஷமாச்சு நீங்க எனக்குக் காப்பி போட்டு."

டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். நான் மணி பார்த்து எழுதினேன். 10.40.

அப்போது அவள் பார்வை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பாக்கெட்டின் மேல் போனது. கை அப்படியே நின்றது.

"இது என்னங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? அவள் டம்ளரை மெதுவாகச் சிங்க்கில் கவிழ்த்தாள். இன்னொன்றையும் கவிழ்த்தாள். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் குடிக்கப் போனேனே. பாத்துட்டுதானே நின்னீங்க."

"ஆமாம்."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். தோன்றவில்லை. அதையும் சொன்னேன்.

அவள் எடுத்தது எந்த டம்ளர் என்று கடைசி வரை தெரியாமலே போய்விட்டது. குடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

நவம்பர் 19

அபிராமி கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். வந்ததும் பரணில் ஏறி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினாள். என்னிடம், "அப்பா, அம்மாவைப் பாத்தா பயமா இருக்காப்பா உங்களுக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் எனக்கு லட்டு வாங்கி வந்திருந்தாள். ஆறு லட்டு, ஆறையும் சாப்பிட்டேன்.

நவம்பர் 22

மூளை டாக்டரிடம் செண்பகமும் அபிராமியும் அழைத்துப் போனார்கள். சின்ன வயசுக்காரர். முகங்களின் படங்களைக் காட்டினார்.

"இந்தம்மா சந்தோஷமா இருக்காங்களா, கோவமா இருக்காங்களா?"

"பல் தெரியுது."

"ஒருத்தர் மழைல நனைஞ்சுகிட்டே நிக்கறார். பஸ் நிக்காம போகுது. 'ஆகா, இன்னைக்கு ரொம்ப நல்ல நாள்'ங்கறார். ஏன் அப்படிச் சொல்றார்?"

"நல்ல நாள்ங்கறதால."

டாக்டர் எழுதிக்கொண்டார். அவரும் நோட்டு வைத்திருக்கிறார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். வரைபடம் சுத்தமாக இருந்தது. நானே இவ்வளவு சுத்தமாக வரைந்திருக்க மாட்டேன்.

செண்பகத்திடம் கேட்டார். "கேலி, கிண்டல், நடிப்பு இதெல்லாம் புரியறது இதுல முதல்லயே போயிடும்மா. இனிப்பு நிறையக் கேப்பார். அடுத்தவங்க வலி உறைக்காது. படம் பாத்து சிரிக்கறதை எப்ப நிறுத்தினார்னு ஞாபகம் இருக்கா?"

"அக்டோபர்" என்றாள் செண்பகம். "பேய்ப் படத்துல."

சந்தேகத்தைக் குறைக்க மாத்திரை தருகிறாராம். போனதைத் திருப்பிக் கொண்டுவர மாத்திரை கிடையாதாம். போனது என்ன என்று நான் கேட்டேன். மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

நவம்பர் 23

காலையில் பால்கனியில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே இருப்பது தெரியும். குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"அம்மா, நீ என்கூட வந்துடு. அப்பாவைப் பாத்துக்க நல்ல ஹோம் இருக்கு. இன்னொரு தடவை இப்படி நடந்தா?"

"சமையக்கட்டைப் பூட்டி வச்சுக்கறேன்."

"உன்னைக் கொல்லப் பாத்துருக்காரும்மா."

"அவரு என்னைக் கொல்லப் பாக்கலடி. அவரு சாகாம இருக்கப் பாத்துருக்காரு. ஒரு மாசமா அவருக்கு இந்த வீட்ல எவ்ளோ பயமா இருந்திருக்கும்? அந்தப் பயத்தைக் கொடுத்தது என் வாய்தானே." பிறகு சொன்னாள், "இனிமே நேராப் பேசக் கத்துக்கறேன். இந்த வயசுல கத்துக்க முடியாதா என்ன?"

நவம்பர் 26

சமையலறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவி செண்பகத்தின் இடுப்பில் இருக்கிறது. அபிராமி ஊருக்குப் போனாள்.

செண்பகம் எதிரில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை எனக்குப் பிடிக்கும். உங்களுக்கு நான் கெடுதல் பண்ண மாட்டேன்" என்றாள். சரி என்றேன். கை வியர்த்தது, எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 30

பத்தாவது படத்தையும் எழுதி அனுப்பினேன். கடைசி வரியாக, "இந்தப் பத்துப் படங்களையும் வீட்டில் பார்க்கலாம். மனைவியோடு பார்க்க வேண்டாம்" என்று சேர்த்தேன்.

நிலோஃபர் மாலையில் கூப்பிட்டாள். கட்டுரை வெளிவந்துவிட்டதாம். "சார், அந்தக் கடைசி லைன். ஜனங்க சிரிச்சு மாளல சார். இந்த வருஷத்துல இதைவிட நல்ல காமெடி படிக்கலைன்னு எழுதறாங்க."

செண்பகம் போனை வாங்கி, "அவருக்கு உடம்பு முடியலம்மா. இனிமே எழுத மாட்டாரு" என்றாள். நிலோஃபர் அதற்கும் சிரித்துவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் சாரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 4

4.00. பூட்டைத் திறந்து காப்பி போட்டாள். ஒரே டம்ளர். என் எதிரில் வந்து நின்று, நான் கேட்பதற்கு முன்னாலேயே அதில் பாதியைக் குடித்தாள். கிட்டத்தட்ட ஒரு வாரமாக இப்படித்தான். மீதியை நீட்டினாள். நான் ஐந்து நிமிஷம் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்கிக் குடித்தேன்.

டாக்டர் சொன்னதால் சர்க்கரையைக் குறைத்திருக்கிறாள்.

"சர்க்கரை கம்மி" என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள். உதடுகள் விரிந்தன. ஒரு கையை முன்னால் நீட்டினாள், விழப்போகிறவரைப் பிடிக்கிற மாதிரி. நான் எங்காவது சாயப்போகிறேனா என்று கதவைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க" என்றாள் மெதுவாக. "மிச்சத்தையும் சொல்லுங்க."

மிச்சம் என்ன? யோசித்தேன்.

"சர்க்கரை டப்பா எங்கே?" என்று கேட்டேன்.

அவள் கையை இறக்கிக்கொண்டாள். அப்படியே நின்றாள். மணி 4.11.

கண்ணில் நீர். குறித்துக்கொண்டேன்.